அறை வெப்பத்தில் நாலு மணி நேரம்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஹேமலதாவின் ஆராய்ச்சியில் அந்தப் பதினொன்றைக் கெடுத்தது நான்தான். வேறு யாராவது சொல்லி உங்கள் காதுக்கு வருவதைவிட நானே சொல்லிவிடுவது மேல். மலையில் ஆளுக்கொரு விதமாகப் பேசுகிறார்கள். கரண்ட் போய்க் கெட்டது என்று ஒரு பேச்சு, பெங்களூர்க்காரன் மாற்றி அனுப்பிவிட்டான் என்று ஒரு பேச்சு. ஒரு மண்ணும் இல்லை. தோசை மாவைப் புளிக்க வைக்கிற மாதிரி நான் பாக்டீரியாவைப் புளிக்க வைத்தேன். அவ்வளவுதான் நடந்தது.

என் பெயர் மேகலா. ஊர் மலையடிவாரத்துக் காரவள்ளி. மலைமேல் வாசலூர்பட்டியில் ஒரு அறக்கட்டளை நடத்துகிற சின்ன மிளகு ஆராய்ச்சி நிலையத்தில் வேலை. திங்கட்கிழமை முதல் பஸ்ஸில் எழுபது வளைவும் ஏறி மேலே போனால் சனிக்கிழமை மத்தியானம்தான் இறங்குவேன். நடுவில் நிலையத்து ஓட்டு அறையில் தங்கல். முதல் நாலு வருஷம் களத்தில்தான் இருந்தேன். மிளகு காயப்போடுவது, புரட்டுவது, காப்பிக்கொட்டை பொறுக்குவது, மழை வந்தால் தார்ப்பாயை இழுத்துக்கொண்டு ஓடுவது. பத்தாவது பாஸ் பண்ணியவளுக்கு இந்த வேலைதானா என்று என் வீட்டுக்காரரே கேலி செய்வார். அவர் ஒன்பதாவது, அதைச் சொன்னால் கோபம் வரும்.

2003-ஆம் வருஷம் சித்திரையில் ஹேமலதா வந்தாள். சேந்தமங்கலம் பக்கம் தோட்டம் காடு உள்ள குடும்பம். பிஎச்டி படிக்கிற பெண். ஒருநாள் களத்து வழியாகப் போனவள் நின்று, நான் மிளகில் உள்ளீடில்லாத பொக்கைப் பொறுக்குவதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"அக்கா, இதே மாதிரி பல்குச்சியில பொறுக்கற வேலை ஒண்ணு இருக்குதுங்க. வாரீங்களா?" என்றாள்.

"பல்குச்சியில என்னத்த அம்மிணி பொறுக்கறது?"

"பாக்டீரியாங்க."

சிரித்துவிட்டேன். ஆனால் போனேன். நிலையத்தின் பொறுப்பாளர் காளியண்ணன் சாருக்கு இது பிடிக்கவேயில்லை. "லேபுக்குள்ள களத்து ஆள விடறது நீ கேட்டதுக்காகத்தான். ஒரு தப்பு நடந்துதுன்னா மறுபடி களத்துக்குத்தான் போகணும், இப்பவே சொல்லிப்போட்டேன்" என்று என் முன்னாலேயே அவளிடம் சொன்னார். நான் எதிரில் நிற்பது அவருக்குத் தெரியாத மாதிரி. அன்றைக்கே பல்லைக் கடித்துக்கொண்டு முடிவு செய்தேன், அந்த மேசையை விட்டு எழுந்திருப்பதில்லை என்று.

வேலை என்னவென்று சொல்கிறேன். பக்கத்தில் மாதன் என்பவர் தோட்டத்தில் சில்வர் ஓக் மரங்களில் ஏறியிருந்த மிளகுக்கொடிகள் வேரழுகலில் வரிசையாகச் செத்தன. நடுவில் ஒரே ஒரு கொடி மட்டும் பச்சையாக நின்றது. அதன் வேர்மண்ணில் ஒரு பாக்டீரியா இருந்தது. தட்டில் வைத்தால் வேரழுகல் பூஞ்சையைப் பக்கத்தில் அண்டவிடாது. சுற்றிலும் ஒரு வெற்று வளையம் விட்டுப் பூஞ்சை நின்றுவிடும். இந்தப் பாக்டீரியாவுக்குள் ஆறாயிரம் மரபணு இருக்கும் என்றாள் ஹேமலதா. அதில் பூஞ்சையை நிறுத்துவது எது? அதுதான் அவளுடைய கேள்வி.

அதற்கு அவள் வைத்திருந்த வழி எனக்குச் சட்டென்று புரிந்தது. வீட்டில் எந்த ஃபியூஸ் எந்த லைட்டுக்கு என்று தெரியாவிட்டால் என்ன செய்வோம்? ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பார்ப்போம். இங்கே பிடுங்குவதற்குப் பதிலாக ஒரு தாவும் துண்டு இருந்தது. டிரான்ஸ்போசான் என்பார்கள். வேறொரு பாக்டீரியாவில் அதை ஏற்றி, நம் பாக்டீரியாவோடு கலந்து ஒரு தட்டில் சொட்டாக விட்டு வைத்தால், துண்டு இந்தப் பக்கம் தாவி எங்காவது ஒரு மரபணுவுக்கு நடுவில் போய் உட்காரும். உட்கார்ந்த மரபணு கெட்டது. ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு இடத்தில் உட்காரும், அது அதன் இஷ்டம். பிறகு மருந்து கலந்த தட்டில் பரப்பினால் துண்டு வாங்கியது மட்டும் முளைக்கும், மற்றதெல்லாம் சாகும். முளைத்த ஒவ்வொரு புள்ளியையும் பல்குச்சியால் தொட்டு, தொண்ணூற்றாறு குழி உள்ள தட்டில் ஒரு குழிக்கு ஒன்றாக வைப்பது என் வேலை. ஆயிரக்கணக்கில் வைத்த பிறகு ஒவ்வொன்றையும் பூஞ்சைக்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். எது பூஞ்சையை நிறுத்தவில்லையோ அதில் துண்டு எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று படித்தால் விடை.

சித்திரையிலும் வைகாசியிலும் ஹேமலதா தன் கையால் கலந்தாள். அறை வெப்பத்தில் நாலு மணி நேரம். கோயமுத்தூரில் அவளுடைய பேராசிரியர் கொடுத்த செய்முறைத் தாளில் அப்படித்தான் இருந்தது. புள்ளிகள் நன்றாக வந்தன. இரண்டாயிரம் பொறுக்கினேன். என் குச்சி ஒரு குழியைத் தவறவிட்டதில்லை. பூஞ்சையோடு வைத்துப் பார்த்து முடிப்பதற்குப் புரட்டாசி ஆனது. இரண்டாயிரமும் பூஞ்சையைச் சமர்த்தாக நிறுத்தின. ஒன்றுகூடக் கெட்டதில்லை. ஒன்று நன்றாக இருப்பதற்காக ஒரு பெண் அழுததை நான் அங்கேதான் பார்த்தேன்.

ஐப்பசியில் அவள் கோயமுத்தூருக்கு ஒரு கூட்டத்துக்குப் போகவேண்டி வந்தது. அடுத்த கலவையைத் தள்ளிப்போட நேரமில்லை. "அக்கா, இந்தத் தரம் நீங்களே வெச்சிருங்க. நாலு மணி நேரம் கழிச்சு எடுத்துப் பரப்பிடுங்க. நோட்டுல எல்லாம் எழுதி வெச்சிருக்கேன், நீங்க டிக் போட்டாப் போதும்" என்று சொல்லிவிட்டுப் பஸ் ஏறினாள். தனியாக என்னை நம்பி விட்டது அதுதான் முதல் தடவை. தலைகால் புரியவில்லை எனக்கு.

மத்தியானம் பன்னிரண்டுக்கு வைத்தேன். விடாத மழை. மலையில் ஐப்பசி மழைக்குக் கையெல்லாம் விறைக்கும். நாலு மணிக்குத் தட்டைத் திறந்து பார்த்தால் சொட்டு வைத்தபடியே இருக்கிறது. தண்ணியாக, வெளிறி, ஒரு அசைவும் இல்லாமல். சித்திரையில் ஹேமலதா எடுத்தபோது இப்படி இல்லை, லேசாகப் பாலாடை மாதிரி மங்கியிருந்தது, அது எனக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. இதைப் போய் எப்படிப் பரப்புவது?

இங்கேதான் என் புத்தி வேலை செய்தது. காரவள்ளியில் சாயங்காலம் ஆட்டி வைக்கிற மாவு விடிவதற்குள் மூடியைத் தள்ளிக்கொண்டு பொங்கும். அதே மாவு மேலே இரண்டு நாளானாலும் கல் மாதிரி கிடக்கும். அதனால் நான் மாவுச் சட்டியை ஒரு பழைய கம்பளித் துண்டில் சுற்றி, லேப் ஃப்ரிட்ஜுக்குப் பின்னால் வைப்பது வழக்கம். அங்கே எப்போதும் வெதுவெதுப்பு இருக்கும். காளியண்ணன் சார் இரண்டு தடவை கண்டுபிடித்துச் சத்தம் போட்டிருக்கிறார். அன்றைக்கும் என் மாவுச் சட்டி அங்கேதான் இருந்தது. அதன் பக்கத்தில் இந்தத் தட்டையும் துணியில் சுற்றி வைத்தேன். காலையில் வந்து பார்த்தால் மாவும் பொங்கியிருந்தது, சொட்டும் கெட்டியாகப் பாலாடை கட்டியிருந்தது. எடுத்துப் பரப்பினேன்.

நோட்டில் 'நாலு மணி நேரம், அறை வெப்பம்' என்று அவள் கையெழுத்தில் இருந்தது. பக்கத்தில் டிக் போட்டேன். பொய் எழுதுகிறோம் என்று அப்போது தோன்றவேயில்லை. மாவு எத்தனை மணிக்குப் புளித்தது என்று யார் கணக்கு வைக்கிறார்கள்? பதமாக வந்தால் சரி, எனக்கு அப்படித்தான்.

புள்ளிகள் என்றால் அப்படி ஒரு புள்ளிகள். தொள்ளாயிரத்து அறுபது பொறுக்கினேன். கார்த்திகையில் பூஞ்சையோடு வைத்துப் பார்த்தோம். மூன்றாவது தட்டிலேயே ஒன்று அகப்பட்டது. வளையமே இல்லை, பூஞ்சை அதன் மேல் ஏறிப் போயிருந்தது. ஹேமலதா என் கையைப் பிடித்துக்கொண்டாள். அப்புறம் ஐந்தாவது தட்டில் இரண்டு. கடைசியில் எண்ணிப் பார்த்தால் பதினொன்று. அவள் டெலிபோனில் அவள் அப்பா ஆறுமுகசாமியிடம், "பதினொண்ணு கெடைச்சிருக்குதுங்கப்பா" என்று சொன்னது வாசல்வரை கேட்டது. காளியண்ணன் சார்கூட என்னைப் பார்த்து, "பரவாயில்லையே மேகலா" என்றார். எனக்கு அந்த மேசை நிரந்தரம் ஆகிவிட்டது என்றே நினைத்தேன்.

பதினொன்றிலும் துண்டு உட்கார்ந்த இடத்தை எடுத்து, அதற்கு அடுத்துள்ள எழுத்துகளைப் படித்துத் தரச்சொல்லிப் பெங்களூருக்கு அனுப்பினாள். ஏ, டி, ஜி, சி என்று நாலே எழுத்துதான் மாறி மாறி வரும். பொங்கல் கழிந்து நாமக்கல் பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து அந்த ரிசல்ட்டை எடுத்துக்கொண்டு வந்தாள். திங்கட்கிழமை காலையில் பதினொரு தாளையும் மேசையில் வரிசையாகப் பரப்பினாள். என்னைக் கூப்பிட்டு, "அக்கா, படிங்க" என்றாள். முதல் தாளில் விரல் வைத்துப் படித்தேன். அடுத்ததிலும் அதே. மூன்றாவதிலும் அதே. எழுத்துக்கு எழுத்து, பதினொன்றும் ஒன்றாகவே இருந்தது.

காளியண்ணன் சார் கண்ணாடியைத் தூக்கிவிட்டுப் பார்த்தார். "ஒரே ஒண்ணு பெருகி, அதோட குட்டிகளையே பதினொரு தரம் பொறுக்கியிருப்பீங்களோ?" என்று கேட்டார்.

"இல்லீங்க சார். நானும் அதத்தான் மொதல்ல நெனச்சேன். அறை வெப்பத்துல நாலு மணி நேரத்துல அதுக்கு அந்தளவு பெருக நேரமில்லீங்க. ராத்திரி பூரா விட்டிருந்தாத்தான் அப்படி ஆகும். நோட்டுல பாருங்க, நாலு மணி நேரம்னு டிக் இருக்குது." ஹேமலதா நோட்டைத் திருப்பிக் காட்டினாள். "அப்படின்னா துண்டு பதினொரு தரம் தனித்தனியாத் தாவி அதே இடத்துல போய் உக்காந்திருக்குது. அந்த இடத்துல ஏதோ இழுப்பு இருக்குது. யாருமே இதைப் பாத்ததில்லீங்க சார். சித்திரைக்குள்ள எழுதிக் குடுத்துடறேன்."

அந்த டிக் என் டிக். அவர்கள் இரண்டு பேரும் அதை நம்பித்தான் பேசிக்கொண்டிருந்தார்கள். சொல்லிவிடலாமா என்று வாய்வரை வந்தது. காளியண்ணன் சார் முகத்தைப் பார்த்ததும் முழுங்கிவிட்டேன்.

அந்த வாரம் முழுக்க அவள் எழுதிக்கொண்டே இருந்தாள். நான் குச்சிகளைத் துடைத்து அடுக்கிக்கொண்டு இருந்தேன், வேறு வேலை ஓடவில்லை. ஞாயிற்றுக்கிழமை காரவள்ளியில் என் வீட்டுக்காரர் அசோக்கிடம் சொன்னேன். அவர் லாரி ஓட்டுகிறவர். முழுக்கக் கேட்டுவிட்டு, "நீ சொல்லாட்டி யாருக்குத் தெரியப் போவுது?" என்றார்.

"பரிச்சை வெக்கறவங்க கேப்பாங்களாம். வெளியூர்ல இருந்து வருவாங்களாம்."

"கேட்டா அவளக் கேப்பாங்க. உன்னயவா கேப்பாங்க?"

அதுதான் என்னைச் சுட்டது. அவளைத்தான் கேட்பார்கள். நாலு மணி நேரம்தானா, நிச்சயமா என்று கேட்பார்கள். அவள் என் டிக்கைக் காட்டுவாள். வேறொருத்தன் எங்கேயாவது இதே மாதிரி செய்து பார்த்து, அப்படி ஒரு இழுப்பும் இல்லை என்று எழுதினால் அந்தப் பெண்ணின் பெயர் போச்சு. என் மேசைக்காக அவள் பெயரை வைத்து விளையாடுகிறேன் என்பது எனக்கே அசிங்கமாக இருந்தது.

திங்கட்கிழமை மேலே போனதும் கைகூடக் கழுவாமல் அவள் முன்னால் நின்றேன்.

"அம்மிணி, நான் அன்னிக்கு நாலு மணிக்கு எடுக்கல. மக்யாநாள் காத்தால எட்டு மணிக்குத்தான் எடுத்தேன். ஃப்ரிட்ஜுக்குப் பின்னாடி மாவுச் சட்டி பக்கத்துல வெச்சிருந்தேன்."

அவள் பேனாவைக் கீழே வைத்தாள். விரல்விட்டு எண்ணினாள். பன்னிரண்டிலிருந்து எட்டு வரை, இருபது மணி நேரம். பிறகு பதினொரு தாளையும் ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கினாள். அவ்வளவு தாளும் ஒரே தாளாகத்தான் தெரிந்தது எனக்கு.

"ஒண்ணுதானுங்க கெடைச்சிருக்குது. பதினொண்ணு இல்ல" என்றாள் கடைசியில். "ஒண்ணை வெச்சுக்கிட்டு ஒண்ணும் சொல்ல முடியாதுக்கா. துண்டு உக்காந்ததால கெட்டுதா, இல்ல வேற எங்கயோ தானாக் கெட்டுப்போனதுல துண்டும் சேந்து உக்காந்துதான்னே தெரியாது."

"நான் வேணும்னு செய்யல அம்மிணி. பாத்தா எடுக்கற பதமே இல்ல..."

"விட்டது கூடப் பரவால்ல." இப்போதுதான் அவள் குரல் ஏறியது. "நாலு மணின்னு டிக் போட்டீங்களேக்கா. அதை ஏன் போட்டீங்க? இருபதுன்னு எழுதியிருந்தா அன்னிக்கே எனக்குத் தெரிஞ்சிருக்குமே. ரெண்டு மாசமுங்க. ரெண்டு மாசம் அந்த டிக்க நம்பி ஓடியிருக்கேன்."

மாவுக்கதையைச் சொல்ல வாய் வரவில்லை. அவள் நோட்டை என் பக்கம் தள்ளி, பழைய பக்கத்தில் டிக்கை அடிக்கச் சொல்லி, உண்மையான நேரத்தை என் கையால் எழுதிக் கையெழுத்துப் போடச் சொன்னாள். எழுதினேன். எட்டு என்பது ஆறு மாதிரி விழுந்தது. மறுபடி அடித்து எழுதினேன்.

காளியண்ணன் சார் சொன்னபடியே செய்தார். அன்றைக்கு மத்தியானமே நான் களத்தில் இருந்தேன். தை மாசம், மிளகு வரத்துக்குக் குறைவில்லை. ராமாயி, என்னோடு பழைய நாளில் களத்தில் இருந்தவள், "வாங்க சயின்டிஸ்டு" என்று தார்ப்பாயின் மறுமுனையை என் கையில் கொடுத்தாள். அழுகை வந்தது. அவளிடம் காட்டவில்லை. எரிச்சலும் வந்தது, யார்மேல் என்று தெரியாமல். நான் செய்தது தப்பு, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்தச் சொட்டு நாலு மணிக்கு எடுக்கிற மாதிரி இல்லை என்பதும் நிஜம்தானே. அதை யாரும் என்னிடம் கேட்கவில்லை.

ஹேமலதா தனியாக மறுபடி கலந்தாள். அறை வெப்பத்தில் நாலு மணி நேரம், கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாளாம். முப்பத்தேழு புள்ளி வந்தது. நாலாயிரம் வேண்டிய இடத்தில் முப்பத்தேழு. மறுபடி வைத்தாள், இருபத்தொன்பது. அவளுடைய உதவித்தொகை சித்திரையோடு முடிகிறது. அதற்கு மூன்றாவது நாள் காலையில் களத்துக்கு வந்து, மிளகுக்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்தாள். ராமாயி நைசாக அந்தப் பக்கம் போய்விட்டாள்.

"அக்கா, அன்னிக்கு எதுக்குக் காத்தால வரைக்கும் விட்டீங்க?"

இதை அவள் இரண்டு வாரத்துக்கு முன்னால் கேட்டிருக்கலாம். கேட்டதே போதும் என்று நினைத்துச் சொன்னேன்.

"நாலு மணிக்குப் பாத்தேனுங்க. சொட்டு சொட்டாவே இருந்துது. சித்திரையில நீங்க எடுக்கறப்ப பாலாடை மாதிரி மங்கலா இருக்கும். அது வரல. அதான் விட்டேன். தாள்ல அறை வெப்பம்னு போட்டிருக்குதே, அது எந்த அறைங்க? கோயமுத்தூர்ல எழுதினதுதான? இங்க நம்ம அறைக்குத் தையில என்ன வெப்பம்?"

அவள் என்னையே பார்த்தாள். எழுந்து போய்ச் சுவர் தெர்மாமீட்டரைப் பார்த்துவிட்டு வந்தாள். பதினைந்து. சித்திரையில் இருபத்தெட்டு இருந்ததாக அவள் நோட்டிலேயே இருந்தது. இன்குபேட்டர் என்கிற வெப்பப் பெட்டி ஒன்று உண்டு, ஆனால் அதில் நாள் முழுக்கப் பூஞ்சை இருக்கும், கரண்ட்டும் நம்பும்படி இருக்காது, அதனால்தான் அவள் கலவையை எப்போதும் மேசையிலேயே வைத்தாள்.

"நாலுக்கும் இருபதுக்கும் நடுவுல ஒரு பதம் இருக்குமுங்க" என்றேன். "துண்டு தாவியிருக்கணும், ஆனா குட்டி போட்டிருக்கக் கூடாது. அவ்வளவுதானுங்களே?"

"அவ்வளவுதான்" என்றாள். உடனே முகம் சுருங்கியது. "ஆனா நாம என்ன பதம் பாத்தாலும், ரெண்டு கெடைச்சா அது ஒரே தாயோட குட்டின்னு கேப்பாங்களேக்கா. இனி நான் என்ன சொன்னாலும் நம்ப மாட்டாங்க."

"ஒரே சட்டியில ஊத்தறதால வர்ற வம்பு அது. இட்லித் தட்டுல ஊத்துங்க."

"என்ன?"

"ஒரே பெரிய சொட்டா வெக்காதீங்க. குட்டி குட்டியா நாப்பது வெப்போம். ஒவ்வொண்ணுக்கும் நம்பர். தனித்தனியாப் பரப்பலாம், பொறுக்கறப்ப எந்தக் குழிக்கு எந்தச் சொட்டுன்னு எழுதிக்கலாம். நாலாஞ் சொட்டுல ஒண்ணு கெட்டு, இருவதாஞ் சொட்டுல ஒண்ணு கெட்டுதுன்னா, அது ரெண்டும் எப்படிங்க ஒரு தாய்ப் பிள்ளையாகும்?"

அவள் சிரித்தாள். தை மாசத்தில் அவள் சிரித்து அன்றைக்குத்தான் பார்த்தேன். நேரே காளியண்ணன் சாரிடம் போனாள். நான் வாசலில் நின்றேன்.

"எனக்கு அவங்க வேணும் சார்."

"பொய் டிக் போட்டவளா?"

"போட்டேன்னு வந்து சொன்னவங்க சார். அவங்க சொல்லாட்டி நான் இந்நேரம் பதினொண்ணுன்னு எழுதிக் குடுத்திருப்பேன்."

"இந்த வேலை முடியற வரைக்கும்தான்" என்றார் அவர். என்னைப் பார்த்து, "மாவுச் சட்டி அங்க இருக்கக் கூடாது" என்றும் சொன்னார். நியாயம்தான்.

நேரம் பார்க்க மூன்று நாள் ஆனது. நாலு, ஆறு, ஒன்பது, பன்னிரண்டு என்று தனித்தனிச் சொட்டு வைத்து, அந்தந்த நேரத்துக்கு எடுத்து எண்ணினோம். மருந்து இல்லாத தட்டிலும் பரப்பி, மொத்தக் கூட்டம் பெருகியிருக்கிறதா என்றும் பார்த்தாள். ஒன்பது மணி நேரத்தில் துண்டு வாங்கியது வேண்டிய அளவு இருந்தது, கூட்டம் இன்னும் பெருகவில்லை. பன்னிரண்டில் பெருக ஆரம்பித்துவிட்டது. ஒன்பது என்று முடிவு செய்தோம். நாற்பது சொட்டு வைத்தேன். ஒவ்வொன்றிலிருந்தும் நூறு பொறுக்கினேன், மொத்தம் நாலாயிரம். விரல் மூட்டெல்லாம் வீங்கிப்போனது.

இந்த முறை நோட்டில் எனக்கு யாரும் எழுதி வைக்கவில்லை, எல்லாம் நானே எழுதினேன். வைத்த நேரம், எடுத்த நேரம், தெர்மாமீட்டர். 'பத்து நாற்பதுக்குக் கரண்ட் போனது, பன்னிரண்டு நிமிஷம்.' 'பதினேழாம் சொட்டைப் பரப்பும்போது தும்மினேன், தட்டைத் தூக்கிப் போட்டுவிட்டேன், மறுபடி செய்தேன்.' ஹேமலதா இதைப் படித்துவிட்டு, "தும்மினதெல்லாம் எதுக்குங்கக்கா?" என்றாள். "நடந்துச்சு, எழுதினேன்" என்றேன்.

ராத்திரி பகல் பாராமல் பூஞ்சையோடு வைத்துப் பார்த்ததில், பங்குனி பிறக்கும்போது பூஞ்சை ஏறிப்போன புள்ளிகள் மூன்று அகப்பட்டன. மூன்றே மூன்று. நாலாம் சொட்டில் ஒன்று, பத்தொன்பதில் ஒன்று, முப்பத்து மூன்றில் ஒன்று. இந்த முறை யாரும் டெலிபோன் பண்ணவில்லை. பெங்களூரிலிருந்து எழுத்து வரும்வரை நாங்கள் அதைப் பற்றிப் பேசவேயில்லை.

தாள்கள் வந்தன. மூன்றையும் பரப்பினாள். நான் விரல் வைத்துப் படித்தேன். முதல் வரியிலேயே மூன்றும் வேறு வேறாக இருந்தன. அவள் பழைய தாளில் ஒன்றை எடுத்துப் பக்கத்தில் வைத்து, கம்ப்யூட்டரில் வைத்து ஒப்பிட்டாள். ஒன்று வேறு மரபணு. மற்ற இரண்டிலும் துண்டு உட்கார்ந்திருந்தது அந்தப் பழைய பதினொன்றில் இருந்த அதே மரபணுவில், ஆனால் வேறு வேறு இடத்தில். ஒன்று தலைமாட்டில், ஒன்று கால்மாட்டில்.

"இது நெசமாவே ரெண்டுதானுங்களா அம்மிணி?" என்று கேட்டேன்.

"நெசமாவே ரெண்டுங்கக்கா. பழைய பதினொண்ணையும் ஒண்ணா எண்ணிக்கிட்டா மூணு. பூஞ்சைய நிறுத்தறது இந்த மரபணுதான்" என்று சொல்லிவிட்டு, தலையை மேசையில் கவிழ்த்துக்கொண்டாள். இந்த முறையும் அழுகைதான். நான் அவள் முதுகில் கை வைத்துக்கொண்டு நின்றேன்.

சித்திரை கடைசியில் ஆய்வேட்டைக் கொடுத்துவிட்டாள். ஆறு மாசம் கழித்து, வாய்மொழித் தேர்வெல்லாம் முடிந்து, கறுப்பு அட்டை போட்ட ஒரு பிரதியோடு நிலையத்துக்கு வந்தாள். நான் அப்போது லேபில்தான் இருந்தேன். வேலை முடியற வரைக்கும் என்று சொன்ன காளியண்ணன் சார், வேலை முடிந்ததா என்று இன்றுவரை கேட்கவில்லை, நானும் ஞாபகப்படுத்தவில்லை.

"உங்க பேர் எங்க இருக்குதுன்னு பாருங்க" என்று ஒரு பக்கத்தைத் திருப்பிக் கொடுத்தாள். பின்னால் நன்றி சொல்கிற பக்கத்தில் இருக்கும் என்று நினைத்தேன். அது இல்லை. நடுவில், செய்முறை சொல்கிற இடத்தில் இருந்தது. எழுத்துக் கூட்டிப் படித்தேன். முதல் தொகுதியில் கிடைத்த பதினொன்றும் ஒரே தாயின் பிள்ளைகள் என்றும், கலவை நாலு மணி நேரத்துக்குப் பதிலாக இருபது மணி நேரம் வைக்கப்பட்டதே காரணம் என்றும், அந்த வேலையைச் செய்த மேகலா இதைத் தாமே தெரிவித்தார் என்றும் இங்கிலீஷில் அச்சாகியிருந்தது.

எனக்குச் சுர்ரென்று ஏறியது. "ஏனுங் அம்மிணி, நான் செஞ்ச தப்ப இப்படி ஊருக்கே தெரியற மாதிரி அச்சுப் போட்டுட்டீங்களே. ஒம்பது மணி நேரம்னு சொன்னதப் போட்டிருக்கக் கூடாதா? இட்லித் தட்டப் போட்டிருக்கக் கூடாதா?"

"அதுவும் அடுத்த பக்கத்துல இருக்குதுங்க. ஆனா தேர்வுக்கு வந்தவங்க மூணு பேரும் இந்தப் பக்கத்துலதான் நின்னாங்க" என்றாள். "இதைப் படிச்சிட்டுத்தான், அப்ப பின்னால கெடைச்ச ரெண்டும் உண்மையாத்தான் இருக்கும்னு சொன்னாங்க."

நான் அந்த வரியை இன்னொரு தடவை படித்தேன். என் பெயரைச் சரியாகத்தான் எழுதியிருந்தாள். அட்டையை மூடி, குச்சிகள் வைக்கிற அலமாரியில் என் நோட்டுக்குப் பக்கத்தில் வைத்தேன். அன்றைக்கு வைத்திருந்த கலவையை எடுக்க இன்னும் பத்து நிமிஷம் இருந்தது. தெர்மாமீட்டரைப் பார்த்து, பதினேழு என்று எழுதினேன்.